முழங்கால் உயரம்

பந்து அந்தப் பக்கம் இருக்கிறது. அது அந்தப் பக்கம் இருக்கும்வரை எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நேரத்தில் கோல் காக்கிற கோலி என்ன செய்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுகிறேன். இடது போஸ்ட்டைக் குதிகாலால் இரண்டு முறை தட்டுகிறேன். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் நூலகக் கட்டடத்தின் நிழல் நடுக்கோட்டைத் தொடும். புதன்கிழமைப் பயிற்சி ஆட்டம். முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும், பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். முடிந்ததும், ஆறு மணிக்கு, உடற்கல்வி அறைக் கதவில் பட்டியல் ஒட்டுவார்கள். சனிக்கிழமை அரையிறுதிக்குப் போகிற பதினாறு பேர். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அரையிறுதியைப் பார்க்கத்தான் வருவார்கள். மைதானத்துக்கே வராதவனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள். என் பெயர் இருக்கும். கிளீட்டஸ், மூன்றாம் ஆண்டு வரலாறு, கோலி. ரெமியின் பெயர் இருக்காது. ரெமி அதோ, எதிர்க் கோலுக்கு முன்னால், இரண்டாம் அணியின் சாயம்போன மஞ்சள் பனியனில் நிற்கிறான். மூன்று வருடம் எனக்கு முன்னால் முதுகாக நின்றவன் இன்று முகமாக நிற்கிறான். இவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. தெரியாதது நல்லது. ஏன் நல்லது? நான் என்ன செய்தேன்? சொன்னதைச் செய்தேன். சொன்னவர் கேலரியின் மூன்றாம் படியில் மூன்று கால் தாங்கியில் கைபேசியை மாட்டி வைத்துவிட்டு, விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கோட்டோரம் நடக்கிறார். அவரிடம் கேளுங்கள்.

புதுக் கோச் பார்த்திபன் சார் சென்னையிலிருந்து வந்த முதல் நாளே கயிறு கட்டினார். துணி காயப்போடுகிற நீல நைலான் கயிறு. மைதானத்தின் குறுக்கே ஆறு இடத்தில் கம்பி நட்டு, முழங்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டினார். பந்து கயிற்றுக்கு அடியில்தான் போக வேண்டும். மேலே போனால் அடித்தவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். நாங்கள் காலைத் தூக்கித் தூக்கிக் கயிற்றைத் தாண்டி, சேற்றில் நடக்கிற கொக்குகள் மாதிரி ஒருவருக்கொருவர் பந்தை உருட்டிக்கொண்டிருந்தோம். விடுதிப் பையன்கள் ஜன்னலில் உட்கார்ந்து சிரித்தார்கள். "இனிமே அட்டாக் ஃபார்வர்டுகிட்ட ஆரம்பிக்காதுப்பா. கோலிகிட்ட ஆரம்பிக்கும். கிளீட்டஸ், நீதான் நம்ம முதல் ஃபார்வர்டு" என்றார் சார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரெமி மட்டும் என் காலைப் பார்த்தான். முதல் வாரத்தில் இருபத்திரண்டு சுற்று ஓடினேன். இரண்டாம் வாரம் பத்தொன்பது. பையன்கள் எனக்கு ரவுண்டு என்று பெயர் வைத்தார்கள். ரவுண்டண்ணே, சாயா குடிக்கப் போறோம், ரெண்டு சுத்து சுத்திட்டு வாறியளா? நான் என்ன தப்புச் செய்தேன்? உதைத்தேன். என்னை இந்தக் கல்லூரியில் சேர்த்ததே அந்த உதைக்காகத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். பழைய கோச் தங்கையா சார்தான், அப்போது அவர் ஓய்வுபெறவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இதே கோலுக்கு முன்னால் நிறுத்தி, அடிலே என்றார். அடித்தேன். பந்து நடுக்கோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பாக்ஸின் விளிம்பில் விழுந்தது. அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு வருடம் அவருடைய ஆட்டமுறை அவ்வளவுதான். "அடிச்சு விடுலே, மிச்சத்தக் காத்து பாத்துக்கும்." ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இந்த மைதானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். அதை நம்பி ஒரு அணி இருந்தது. நான் உதைத்தால் கேலரியில் பையன்கள் ஓ என்று தொடங்குவார்கள், பந்து காற்றில் இருக்கிறவரை அந்த ஓ நீளும், விழும்போது நிற்கும். மூன்று மாதமாக அந்தச் சத்தம் இல்லை. காற்று மட்டும் வந்து போகிறது.

எங்கள் ஊரில் பந்து உருளாது. இதை எப்படி இவருக்குப் புரியவைப்பது? கடற்கரை மணலில் பந்தை உருட்டிவிட்டால் மூன்று அடி போய் நின்றுவிடும். நானும் ரெமியும் பந்தைப் பிடித்ததே அந்த மணலில். கட்டுமரங்களை ஏற்றி வைத்திருக்கிற இடத்துக்கும் கல்தடுப்புக்கும் நடுவில் இருக்கிற துண்டு மணல். அங்கே பந்து ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குப் போக வேண்டுமென்றால் தூக்கித்தான் போக வேண்டும். காலின் மேல்புறத்துக்கு அது ஐந்து வயதில் தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, எங்கள் ஊரில் கூப்பிட்டால் கேட்காது. அலைச் சத்தமும் காற்றும் சேர்ந்து சொல்லை வாயிலேயே பறித்துக்கொண்டு போய்விடும். அதனால் ரெமி ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் முன்னால் நின்று எதிராளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பின்னால் கோலில். திரும்பிப் பார்க்க அவனுக்கு நேரமிருக்காது. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவருவான். விரித்த கை என்றால் எனக்குத் தா. மடக்கிய கை என்றால் தராதே, தூக்கி அடி. அவ்வளவுதான். ஊர்த் திருவிழாக் கோப்பைகளில் இதை வைத்து ஆடினோம். பள்ளியில் ஆடினோம். கல்லூரிக்கு வந்த பிறகு காற்று மட்டும்தான், அலை இல்லை, கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் அந்தக் கை வந்துகொண்டேயிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. பார்த்திபன் சாருக்கும் தெரியாது. அவர் கைபேசியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் ஒரு பையன் முதுகைச் சொறிந்துகொள்கிறான் என்றுதான் நினைப்பார்.

பந்து வருகிறது. இரண்டாம் அணியின் ஃபார்வர்டு தடுமாறி நீளமாகத் தள்ளிவிட்டான், நான் முன்னே போய்க் காலால் நிறுத்துகிறேன். "கீழ! கீழ!" என்று கோட்டோரத்திலிருந்து குரல். கீழேதான் சார். இடது பேக்கிடம் உருட்டுகிறேன். பந்து செம்மண்ணில் இரண்டு இடத்தில் துள்ளிவிட்டுப் போகிறது. இதைத்தான் சொல்கிறேன். இவர் காட்டுகிற வீடியோக்களில் மைதானம் பில்லியர்ட்ஸ் மேசை மாதிரி இருக்கிறது. தண்ணீர் தெளித்து, புல்லை மயிர் வெட்டுகிற மாதிரி வெட்டி. எங்களுடையது காலையில் என்.சி.சி. அணிவகுப்பு, மாலையில் எங்கள் ஆட்டம், வருடத்தில் ஒருமுறை கல்லூரி நாள். கல்லூரி நாளுக்குப் பந்தல் போட்டார்கள். கால் ஊன்றக் குழி தோண்டினார்கள். அதில் ஒரு குழி என் பாக்ஸுக்குள். அதோ, பெனால்டி புள்ளிக்கு வலது பக்கம், இரண்டு எட்டு. எம்-சாண்ட் போட்டு மூடியிருக்கிறார்கள், சுற்றிலும் சிவப்பு, நடுவில் சாம்பல் வட்டம். மிதித்தால் அமுங்கும். போன வியாழக்கிழமை திருநெல்வேலிக் கல்லூரியோடு நடந்த லீக் ஆட்டத்துக்கு முன்னால் நான் சொன்னேன். சார், அங்க ஒரு குழி கெடக்கு, பந்து அதுல பட்டா திரும்பும். "குழியப் பாக்காத. ஆளப் பாரு" என்றார். நல்ல வாக்கியம். சுவரில் எழுதிவைக்கலாம். எழுபதாம் நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது. கீழ, கீழ என்றார். கீழேயே கொடுத்தேன். ரெமிக்குக் கொடுத்தேன். அவர்களுடைய ஒன்பதாம் எண்காரன் இடையில் பாய்ந்து எடுத்தான், கோல். சுழியத்துக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றும் புள்ளிக் கணக்கில் அரையிறுதிக்குள் வந்துவிட்டோம் என்பது வேறு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து இவர் கேட்டது என்னையல்ல. "ரெமி, கோலிக்கு முதுகக் காட்டிட்டு நின்னா பந்த எப்படிப்பா வாங்குவ? ஒடம்பத் தொறந்து நிக்கணும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? இந்த சிஸ்டத்துல உன்ன மாதிரி நிக்கிறவன் ஓட்டைப் பானை." ஓட்டைப் பானை! மூன்று வருடமாக எவன் தலைக்கும் விடாமல் பந்தை முட்டி வெளியே தள்ளியவன். இடது புருவத்தில் ஆறு தையல் போட்டவன். குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தான் போட்ட கட்டளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாளே அவனுக்கு மஞ்சள் பனியன்.

அவனாவது பேசியிருக்க வேண்டாமா? எனக்கு அவன்மேலும்தான் ஆத்திரம். வாயில் என்ன வைத்திருந்தான்? வட்டத்தில் உட்கார்ந்து ஷூவின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். அன்று ஊருக்குப் போகிற பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். நான் கத்திக்கொண்டே வந்தேன். குழி, கயிறு, மெட்ராஸ்காரன், செம்மண், எல்லாவற்றையும் திட்டினேன். பேருந்தே என் பக்கம் திரும்பிப் பார்த்தது. மீன் கூடைக்காரி ஒருத்தி "யாரு மக்கா உன்ன அடிச்சா?" என்று கேட்டாள். ரெமி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தான். பேருந்து குலுங்கும்போதெல்லாம் நெற்றி கம்பியில் இடித்தது, அவன் எடுக்கவில்லை. கடைசியில் சொன்னான். "பசிக்குது மக்கா." அதற்கு என்ன அர்த்தம்? பசிக்கிறது என்று அர்த்தம். நான் ஏன் அதை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். அவனுடைய அண்ணன் கடலுக்குப் போகிறான், அவனுக்கும் வலையில் ஒரு இடம் காத்திருக்கிறது, அந்த இடத்துக்குப் போகாமலிருக்க அவனுக்கு இருக்கிற ஒரே வழி பல்கலைக்கழக அணி. அந்தச் சான்றிதழ் இருந்தால் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுப்பார்கள். ஓட்டம், உயரம், மார்பளவு எல்லாம் சரியாக வைத்திருக்கிறான். கடற்கரையில் காலை நான்கு கிலோமீட்டர். எனக்கும் தேவைதான் அந்தச் சான்றிதழ், ஆனால் எனக்கு அப்பாவின் கடை இருக்கிறது, பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம். அவனுக்குக் கடல். அவனுக்குக் கடலில் வாந்தி வரும், இது எனக்கும் அவன் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். இதெல்லாம் அந்த ஷூவின் மண்ணை நோண்டும்போது அவனுக்குத் தெரியாதா? ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என்ன சொல்? அவன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்?

எனக்கு முன்னால் இப்போது இர்ஷாத் நிற்கிறான். முதலாம் ஆண்டு, தேங்காய்ப்பட்டணத்துப் பையன், ரெமியின் ஸ்டாப்பர் இடம். நல்ல பையன்தான், அவன்மேல் கோபப்பட எனக்குக் காரணம் இல்லை, கோபமாக இருக்கிறது. அவன் முதுகைக் காட்டுவதில்லை. பக்கவாட்டில், ஒரு கண் எதிராளிமேல் ஒரு கண் என்மேல், சொல்லிக்கொடுத்தபடி திறந்து நிற்கிறான். இரண்டு கையும் முன்னால். அவனிடமிருந்து எனக்கு ஒரு செய்தியும் வருவதில்லை. "அண்ணே, தாங்க!" என்று வாயால் கேட்கிறான். கேட்கிறது. இதோ இப்போதும் கேட்கிறான். பந்து என் காலடியில், மஞ்சள் பனியன் ஒன்று ஓடிவருகிறது, கோட்டோரத்தில் விசில்காரர் குனிந்து நிற்கிறார். தந்தேன். பாதத்தின் உள்பக்கத்தால், அவனுடைய வலது காலுக்கு, எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு வேகத்தில். பந்து துள்ளவில்லை. இர்ஷாத் ஒரே தொடுதலில் வலது பேக்குக்கு, அவன் நடுவில் இருப்பவனுக்கு, அவன் திரும்பி ஓரத்துக்கு, மஞ்சள் பனியன்கள் ஒவ்வொருவராக முன்னே பாய்ந்து ஏமாந்து பின்னால் விடப்படுகிறார்கள், ஓரத்திலிருந்து மறுபடி நடுவுக்கு, அங்கே ரெமி தனியாக மூன்று பேருக்கு எதிரே, அவன் ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்கிறான், பந்து மற்றவனுக்குப் போகிறது, கோல். என் காலிலிருந்து அவர்களுடைய வலைக்கு. பந்து ஒரு முறைகூட முழங்காலுக்கு மேலே எழவில்லை. கேலரியில் கைதட்டுகிறார்கள். பார்த்திபன் சார் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "பாத்தியா கிளீட்டஸ்! பாத்தியா!" என்கிறார். பார்த்தேன் சார். இந்த ஆட்டமுறை நடக்கும். இதே மண்ணில், இதே குழியோடு. இது நடக்காது என்பதில்தான் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தேன்.

குழி வலது பக்கம் இருக்கிறது. அன்று நான் பந்தைக் கொடுத்தது இடது பக்கம். இதை எனக்கு நானே இப்போதுதான் சொல்கிறேன், ஆனால் தெரியாமலில்லை. பேருந்தில் கத்தும்போதும் தெரியும். பந்து குழியின் பக்கமே போகவில்லை. எழுபதாம் நிமிடம். காற்று எனக்குப் பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தது, உதைத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கோலி பின்னால் ஓடியிருப்பான். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் ஒரு பந்தைத் தூக்கி அடித்திருந்தேன். எல்லோர் முன்னாலும், எதிரணிக்காரன் சிரிக்கும்படி, "டேய் ரவுண்டு, நாளைக்கு பத்து சுத்து" என்று இவர் கத்தினார். அவர் வாயிலும் ரவுண்டு. காது எரிந்துகொண்டிருந்தது. அப்போது பந்து வந்தது. ரெமியின் முதுகு எனக்கு நேரே. ஒன்பதாம் எண்காரன் அவனுக்குப் பக்கத்தில் பதுங்கி நின்றான், எனக்கே தெரிந்தது. கீழ, கீழ என்று குரல். ரெமியின் வலது கை முதுகுக்குப் பின்னால் வந்தது. மடங்கியிருந்தது. நான்கு விரலும் உள்ளே, கட்டைவிரல் வெளியே, கணுக்கள் வெளுத்துத் தெரிகிற அளவுக்கு இறுக்கமாக. தராதே. நான் பார்த்தேன். ஒரு நொடி முழுக்கப் பார்த்தேன். பார்த்துவிட்டு நினைத்தேன்: கீழேதானே வேண்டும், இந்தா வாங்கிக்கொள். உன் சிஸ்டம் என்ன செய்யும் என்று எல்லோரும் பார்க்கட்டும். அரை வேகத்தில், அவனுடைய தப்பான காலுக்கு, சாகப்போகிற பந்தை உருட்டிவிட்டேன். அவன் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. நான் பார்த்திபன் சாரை நோக்கித்தான் அதை உருட்டினேன். நடுவில் ரெமி நின்றிருந்தான்.

விசில். பாதி முடிந்தது. எல்லோரும் வேப்பமரத்தடியில் இருக்கிற தண்ணீர் டிரம்முக்குப் போகிறார்கள். நான் கடைசியாகப் போகிறேன். ரெமி மக்கை முக்கிக் குடித்துவிட்டு, மறுபடி முக்கி என்னிடம் நீட்டுகிறான்.

"வெள்ளம் குடி."

வாங்கினேன். கையிலேயே வைத்திருக்கிறேன்.

"அந்தப் பந்து நல்லாக் குடுத்தே, கேட்டியா" என்கிறான். "இர்ஷாதுக்கு."

"லேய், ரெமி..."

"அன்னைக்கும் உனக்கு இப்பிடிக் குடுக்கத் தெரியும்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்; கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

"ஏம்லே சொல்லேல்ல அவருகிட்ட?"

"என்னத்தச் சொல்ல? எனக்க கையப் பாத்துட்டுத்தான் தந்தான்னா? அப்புறம் உனக்க பேரும் போகும். ரெண்டு பேரும் சேந்து வலை இழுக்கணுமா?" அவன் என் கையிலிருந்த மக்கை வாங்கி, நான் குடிக்காத தண்ணீரை வேரில் ஊற்றினான். "பாத்தல்லா நீ?"

"பாத்தேன்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். இவ்வளவுதானா? ஒரு வாரம் இதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியை இடித்துக்கொண்டு, பசிக்குது என்றான். நான் வாளிகளுக்கு நடுவில் உட்காராமலிருக்க அவன் கடலில் வாந்தியெடுக்கத் தயார். இதை யார் கேட்டார்கள் அவனிடம்? கால்கள் தாமாக நடக்கின்றன. பார்த்திபன் சார் கேலரிப் படியில் கைபேசியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அட்டையில் செருகிய காகிதம். பதினாறு வரி. தட்டச்சுச் செய்தாகிவிட்டது.

"சார், அந்தத் திருநெல்வேலி கோலு. தப்பு ரெமிமேல இல்ல. அவன் தரண்டாம்னு கையக் காட்டினான். நான் பாத்துட்டுத்தான் குடுத்தேன். வேணும்னு."

அவர் திரையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே, "தெரியும்" என்றார்.

திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கை விஷயம் தெரியாது. நீ வேணும்னு குடுத்தது தெரியும். வீடியோவ நாலு வாட்டி பாத்தேன். இவ்ளோ நல்ல கால வச்சிக்கிட்டு அப்படி ஒரு பாஸ எவனும் தப்பா குடுக்க முடியாது."

"அப்புறம் ஏன் சார் அவன...?"

"ஸ்டாப்பருக்கு என்கிட்ட இர்ஷாத் இருக்கான். கோலிக்கு யார் இருக்கா? வினுவா? அவன் போன மாசம்வரைக்கும் பாஸ்கெட் பால் ஆடிட்டிருந்தான்." நிமிர்ந்து பார்த்தார். கெட்டவர் முகம் இல்லை அது, களைத்த முகம். "உன்னை வெளிய எடுத்தா டீம் போச்சு. யார்மேலயாவது பழிய வச்சாத்தான் மத்தவன் ஒழுங்கா நிப்பான். இப்ப பாரு, நிக்கிறானுங்க. நீயே எவ்ளோ நல்லா குடுத்த."

"அவன் பேரு இல்லேன்னா எனக்க பேரும் வேண்டாம் சார்."

"சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு பஸ்சு. நீ ஏறுவ." சிரிக்கக்கூட இல்லை. "போ, டைம் ஆச்சு."

ஏறுவேனா? அந்தப் பேருந்தின் படி, அதன் கம்பி, ஜன்னலோர இருக்கை, எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அதில் நான் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. அதுதான் பொறுக்க முடியவில்லை. இந்த மனிதர் என்னைச் சரியாகப் படித்திருக்கிறார், வீடியோவைப் படிப்பது மாதிரி. நான்கு முறை ஓட்டிப் பார்த்து, யாரைக் கழற்றினால் எது விழாது என்று பார்த்து, கழற்றியிருக்கிறார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருக்கிறது. எதைக் கத்துவது? அவர் செய்ததை நான் ஐந்து நிமிட ஆத்திரத்தில் செய்தேன், அவர் ஆத்திரமில்லாமல் செய்தார். மைதானத்தில் பக்கம் மாறிக்கொண்டிருக்கிறார்கள். என் கோலை நோக்கி இரண்டாம் அணிக் கோலி வினு வருகிறான், ஆறடி மூன்று அங்குலம், கையுறை அவனுக்குச் சின்னது. அவன் முன்னால் போய் நின்றேன். "லேய் வினு, நீ முதல் டீமுக்கு நில்லு. அந்தக் கோலுக்குப் போ." "நானா? அண்ணே, சாரு..." "சாரு சொல்லமாட்டாரு. போ." போய்விட்டான், சந்தோஷமாகத்தான். நான் இந்தக் கோலிலேயே நிற்கிறேன். இப்போது இது இரண்டாம் அணியின் கோல். பார்த்திபன் சார் விசிலை வாயருகே கொண்டுபோய்விட்டு என்னைப் பார்க்கிறார், வினுவைப் பார்க்கிறார், மணிக்கட்டைப் பார்க்கிறார். "யாருக்கு நின்னாலும் பந்து கீழதான்" என்று கத்திவிட்டு ஊதுகிறார்.

எனக்கு முன்னால் மஞ்சள் முதுகு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்துவிட்டது அவனுக்குத் தெரியும், கையுறைப் பட்டையைப் பிரிக்கிற சத்தம் அவனுக்குத் தெரியும். முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியிருக்கிறது. நூலகத்தின் நிழல் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது, காற்று என் பிடரியில் வீசுகிறது. எங்கள் முதல் அணி, நான் மூன்று மாதமாக உருட்டக் கற்றுக்கொண்ட அணி, கோலி முதல் ஃபார்வர்டுவரை வரிசையாகச் சரியாக நின்று, முழங்காலுக்குக் கீழே பந்தை நகர்த்திக்கொண்டு வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது எரிகிறது. ரெமி ஒரு அடி முன்னே வைத்து, காலை நீட்டி, பந்தைத் தட்டிவிடுகிறான். அது உருண்டு என்னிடம் வருகிறது. இரண்டு பேர் என்னை நோக்கிப் பாய்கிறார்கள், ஒருவன் ரெமியின் தோளோடு பதுங்கி நிற்கிறான். "கீழ! கீழ!" இடது பக்கம் ரெமிக்கு ஒரு வழி இருக்கிறது, ஒடுங்கிய வழி. சரியான வேகத்தில், சரியான காலுக்குக் கொடுத்தால் போகும். இப்போது எனக்குத் தெரியும், என்னால் முடியும். கொடுத்தால் பார்த்திபன் சார் கைதட்டுவார். கதவில் பதினாறு பெயர், ஆறு மணி, சனிக்கிழமை ஆறு மணி. நான் அவனுடைய கையைப் பார்க்கிறேன். அது தொடையருகே தொங்குகிறது. வராது. ஏன் வரவேண்டும்? எந்த நம்பிக்கையில் வரவேண்டும்? பாய்கிறவர்கள் பாக்ஸுக்குள் வந்துவிட்டார்கள். அப்போது அது மெதுவாக, யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி, முதுகுக்குப் பின்னால் வருகிறது. வியர்வைக் கோட்டின்மேல் வந்து நிற்கிறது. மடங்கியிருக்கிறது. கணுக்கள் வெளுத்திருக்கின்றன. பார்த்தேன், ரெமி. காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மணலில் ஐந்து வயதில் அதைக் கற்ற காலின் மேல்புறத்தால், தூக்கி அடிக்கிறேன்.